ஓடைப்பள்ளத்துக் குரல்

திலோத்தமா ஒரு தடவைதான் கூவினாள். பதில் இரண்டு வந்தது.

முதல் பதில் இடப்பக்கத்து மேட்டிலிருந்து வந்தது. பிலாசினியின் குரல், வெற்றிலை ஒதுக்கிய வாயிலிருந்து வருவதால் எப்போதும்போலக் கொஞ்சம் கொழகொழவென்று. அது அடங்கி ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, வலப்பக்கம் கீழே, ஓடைப்பள்ளத்திலிருந்து இன்னொன்று. மெலிந்த, நீளமான "ஹோ...ய்". அதில் அவசரமும் இல்லை, பயமும் இல்லை. காவலுக்கு வந்த ஒருத்தி தன் துணைக்குக் கொடுக்கும் சாதாரணக் குரல்.

காவலுக்கு வருகிறவர்களோ இரண்டே பேர்தான். குசபல்லியில் நாற்பது வீடு. இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்பது வீட்டுப் பெண்களும்தான் முறைவைத்து அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். காவல் முடித்தவர்கள் சாயங்காலம் ஊர் திரும்பி, தங்கள் தடிகளை அடுத்த இரண்டு வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போவார்கள். யார் வாசலில் தடி நிற்கிறதோ அந்த வீட்டுப் பெண் மறுநாள் காலை காட்டுக்குப் போயாக வேண்டும். காய்ச்சல், விருந்தாளி என்றெல்லாம் சாக்குச் சொல்ல முடியாது. மரங்கள் மறைக்கும் இடத்தில் ஒருத்தி கூவுவாள், மற்றவள் பதில் கூவுவாள். ஒரு கூவலுக்கு ஒரு பதில்.

பிலாசினி சருகுகளை மிதித்துக்கொண்டு இறங்கி வந்தாள். திலோத்தமாவின் புருஷனுக்கு அண்ணன் மனைவி அவள். ஐம்பது தாண்டியவள், பெருத்த உடம்பு, ஊரில் யாரையும் வாய்விட்டுக் கேலி செய்யக்கூடியவள்.

"அக்கா, கீழ யாரோ பதில் குடுத்தாங்க. கேட்டுச்சா?"

"ஆமா, உன் புருஷன் சூரத்துத் தறியை விட்டுட்டு வந்து பொதருக்குள்ள ஒளிஞ்சு நிக்கிறான். போய்க் கூட்டிட்டு வா." பிலாசினி எச்சிலைத் துப்பினாள். "எதிரொலிடி. பாறை இருக்குல்ல."

இந்தக் காட்டில் திலோத்தமா பதினெட்டு வருடமாகக் கூவியிருக்கிறாள். அந்தப் பள்ளம் ஒரு நாளும் எதிரொலித்ததில்லை. பிலாசினி கேலி முடிந்த பிறகு சிரிக்கவில்லை.

வைகாசி வெயில் சால மரங்களின் உச்சியில் நின்று எரிந்தது. கீழே உதிர்ந்து கிடந்த இலுப்பைப் பூக்கள் புளித்து, கள்ளும் வியர்வையும் கலந்தாற்போல ஒரு வாடை அடித்தது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவே சில்வண்டுகள் காதைத் துளைக்கும் நேரம் அது. மேட்டுப் பக்கமெல்லாம் இரைந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் வலப்பக்கம், பள்ளம் சரிகிற இடத்தில், யாரோ கையை வைத்து அமுக்கியதுபோல அந்த இரைச்சல் அறுந்து நின்றது.

அந்தப் பக்கம் இருவரும் பார்க்கவில்லை. போன முறைக்குப் பிறகு, இருபது நாள் கழித்து, இன்றைக்குத்தான் அவர்கள் காவலுக்கு வந்திருக்கிறார்கள்.

போன முறை வந்தபோது சுக்ரி அகப்பட்டாள்.

சுக்ரி பக்கத்துக் குடியிருப்பான நுவாசாகியில் இருக்கும் சபரப் பழங்குடிப் பெண். பஸ் நிற்கும் இடத்தில் விறகு விற்று அடுப்பெரிப்பவள். குசபல்லிக்காரர்கள் காட்டை அடைத்துக் காவல் போட்ட நாளிலிருந்து நுவாசாகிக்காரர்களுக்கு அங்கே சுள்ளி பொறுக்கவும் உரிமை கிடையாது. சுக்ரியை ஏற்கெனவே இரண்டு தரம் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் தரம் பள்ளத்தின் விளிம்பில் கட்டிய சுமையோடு நின்றாள்.

"காஞ்ச கட்டைதான் அக்கா. பச்சையில கத்தி வைக்கல, பாருங்க," என்று திலோத்தமாவைப் பார்த்துத்தான் சொன்னாள். மெலிந்த, நீளமான குரல்.

பிலாசினி அவள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். சுமையை இறக்கி வைக்கச் சொன்னாள். சுக்ரி இறக்கவில்லை. தலைச்சுமையைச் சும்மாட்டோடு ஒரு கையால் பிடித்தபடி சட்டென்று திரும்பி ஓடினாள். இருவரும் தடியை ஓங்கிக்கொண்டு, "ஹோய்! ஹோய்!" என்று மாட்டை விரட்டுவதுபோல விரட்டினார்கள். அடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பயமுறுத்தத்தான். கற்கள் உருளும் சத்தம் கேட்டது. கட்டு பிரிந்து விறகு சிதறும் சத்தம். பிறகு கனமாக ஒன்று.

பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் புதரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து, "அக்கா," என்று கேட்டது. அழுகை இல்லை. அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுவது போல. மறுபடியும், "அக்கா."

"நடிக்கிறா. எறங்கிப் போனா நம்ம கையைக் கடிச்சுட்டு ஓடிருவா. வாடி போலாம்," என்றாள் பிலாசினி.

திலோத்தமா போனாள். அவளை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. தன் காலால்தான் நடந்தாள். மேடு ஏறும்வரை அந்தக் கூப்பாடு முதுகில் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்கப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் இருவரும் யாருக்கும் தெரியாமல் வந்து, பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார்கள். பள்ளத்தில் சிதறிய விறகு கிடந்தது. ஆள் இல்லை. ரத்தமும் இல்லை. "நான் சொல்லல? எழுந்து போயிட்டா," என்று பிலாசினி நெஞ்சில் கைவைத்து ஜகந்நாதனைக் கும்பிட்டாள்.

மூன்றாம் நாள் சுக்ரியின் புருஷன் புதுரா குசபல்லிக்கு வந்தான். கூட்டம் கூடும் ஆலமரத்தடியில், தரையில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "அன்னிக்குக் காவலுக்கு யாரும்மா போனது? அவளைப் பாத்தீங்களா?"

"நாங்கதான் போனோம். காக்கா குருவி கூடக் கண்ணுல படல," என்றாள் பிலாசினி.

அவன் திலோத்தமாவின் பக்கம் திரும்பினான். காட்டுக் கமிட்டித் தலைவி ஹேமலதாவும் திரும்பினாள். அவளுக்கு விஷயம் தெரியும், பிலாசினியே சொல்லியிருந்தாள். முந்தின நாளே ஹேமலதா இருவரையும் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு எச்சரித்திருந்தாள். "பிள்ளை மாதிரி வளத்த காடு. ஒரு போலீஸ் கேஸ் போதும், கமிட்டியைக் கலைச்சுட்டுக் காட்டைப் பிடுங்கிக்குவாங்க. நீங்க பாக்கல. அவ்வளவுதான்."

"பாக்கல," என்றாள் திலோத்தமா.

அன்று வீட்டில் மகள் லிப்சா, காலேஜில் சேர்ந்து ஒரு வருடம் ஆனவள், பகாளா என்கிற நீர்ச்சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, நெஜமாவே நீ பாக்கலையா?"

"பாத்திருந்தா சொல்லமாட்டேனா?"

"நீ சொன்னா சரிம்மா," என்று லிப்சா சாப்பிட ஆரம்பித்தாள்.

இதெல்லாம் நடந்து இருபது நாள். இப்போது பிலாசினி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்திருந்தாள். திலோத்தமா பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். யாரும் கூவவில்லை.

"ஹோ...ய்."

பள்ளத்திலிருந்து வந்தது. கொழகொழவென்று, வெற்றிலை ஒதுக்கிய வாயோடு.

திலோத்தமா பிலாசினியின் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. சுண்ணாம்பு தடவிய விரல் பாதி வழியில் நின்றிருந்தது.

"அக்கா, அது உன் குரல்."

"சும்மா இருடி."

"உன் குரல்தான் அக்கா. வா, ஊருக்குப் போயிடலாம். கெஞ்சிக் கேக்கறேன்."

பிலாசினி எழுந்தாள். அவளுடைய கன்னச்சதை ஆடியது. பயந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும். "நுவாசாகிக்காரிங்க யாரோ வேலை காட்டுறாளுங்க. நம்மளைப் பயமுறுத்தித் தொரத்திட்டு மரத்தை வெட்டலாம்னு பாக்கறாளுங்க. நாம ஓடினா நாளைக்குக் காடே இருக்காது." தடியை எடுத்துக்கொண்டாள். "நீ இங்கயே நில்லு. நான் கூவினா பதில் குடு."

"போகாத அக்கா."

பிலாசினி போனாள். சேலையின் சிவப்புக் கரை புதருக்குள் இரண்டு தரம் தெரிந்தது. சருகு நொறுங்கும் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. ஒரு கல் உருண்டது. அப்புறம் அந்தச் சத்தமும், சில்வண்டு அறுந்து நின்ற அதே இடத்தில், நின்றுவிட்டது.

திலோத்தமா காத்திருந்தாள். நிழல் அவள் காலடியிலிருந்து விலகி, பக்கத்து மரத்தின் வேர்வரை நீண்டது. கையிலிருந்த தடி வியர்வையில் வழுக்கியது. கடைசியில் அவளே கூவினாள்.

பதில் உடனே வந்தது.

"அக்கா."

பிலாசினியின் குரல். ஆனால் பிலாசினி அவளை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. திலா என்பாள், ஏய் என்பாள், மூதேவி என்பாள்.

"அக்கா," என்று மறுபடியும். அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுவது போல.

திலோத்தமா ஓடினாள். ஊர்ப்பக்கம்தான் ஓடினாள், முள் சேலையைக் கிழித்தது, கால் விரலில் ஒரு வேர் இடித்து நகம் பெயர்ந்தது. எல்லைக்கல் தெரிகிற தூரம்வரை வந்துவிட்டாள். அங்கே நின்றாள். முதுகில் கேட்டுக்கொண்டிருந்த கூப்பாடு அப்போதுதான் நின்றது. அன்றைக்கும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நின்றது.

இன்னொரு தடவை விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. திரும்பினாள்.

நேரே இறங்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மேலே, ஓடை குறுகுகிற இடத்தில் பாறைகள் மேல் கால்வைத்து அக்கரைக்குப் போனாள். அக்கரை உயரமானது, செங்குத்தானது. விளிம்பில் நிற்கும் ஒரு சால மரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் பள்ளத்தின் அடி முழுக்கத் தெரியும்.

பிலாசினி இருந்தாள்.

சிதறிய விறகுக்கு நடுவில், தரையில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை மார்பில் சாய்ந்திருந்தது. கைகள் மடியில். தூங்குவது போல. பக்கத்தில், அவள் தோளை ஒட்டி, இன்னொரு முதுகு. மெலிந்த முதுகு. தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. வைகாசி வெயிலில் இருபது நாள். ஓர் ஈ இல்லை. வாடை இல்லை.

இரண்டு பேரும் அசையவில்லை. ஆனால் அவர்கள் இருந்த இடத்திலிருந்து பிலாசினியின் குரல் வந்துகொண்டிருந்தது. அக்கா. அக்கா. அக்கா.

அக்கா எழுந்திரு என்று கத்தத்தான் திலோத்தமா வாயைத் திறந்தாள்.

"அக்கா, எழுந்திரு!"

கத்தல் கேட்டது. அவளுடைய குரல்தான். அவள் தொண்டையிலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது.

கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் முயன்றாள். வெறும் காற்று. உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, நெஞ்சு விம்மியது. ஊதினால் அணையும் விளக்குகூட அணையாத காற்று. கீழே, அவள் குரல் தானாக ஒரு தரம் கூவிப் பார்த்தது. புதுச் சேலையைக் கட்டிப் பார்ப்பதுபோல இன்னொரு தரம், கொஞ்சம் உரக்க.

மரத்தடியில் சரிந்தாள். எழுந்து ஓட வேண்டும் என்று தெரிந்தது. கால் கேட்கவில்லை. பொழுது சாய, பள்ளம் நீலமாகி, பிறகு சாம்பல் நிறமானது. அந்த இரண்டு முதுகும் இருட்டில் கரைவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அப்போது எதிர்க்கரையில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது.

சூரியன் சாய்ந்தும் தடி எந்த வாசலிலும் சாத்தப்படவில்லை என்று ஊர் தேடிவந்துவிட்டது. ஹேமலதாவின் கைவிளக்கு முன்னால் ஆடியது. பின்னால் நான்கு பெண்கள். கடைசியில், கைப்பேசி வெளிச்சத்தைக் காலடியில் பிடித்துக்கொண்டு, லிப்சா.

"ஹோ...ய்! பிலாசினி! திலோத்தமா!"

"இங்கதான் இருக்கோம்," என்றது கீழே பிலாசினியின் குரல். "எறங்கி வாங்க. கால் பிசகிடுச்சு."

"அட கழுதை! வீட்டுல ஒலை கொதிக்குது, இவ பள்ளத்துல படுத்துக்கிட்டு விருந்து வைக்கிறா," என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். பயம் தெளிந்த சிரிப்பு.

திலோத்தமா மரத்தைப் பிடித்து எழுந்தாள். இரண்டு கையையும் ஆட்டினாள். இலைகளும் இருட்டும் அவளை மூடியிருந்தன. ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். அது எதிர்க்கரையில் ஹேமலதாவின் பக்கத்தில் விழுந்தது.

"என்னது?"

"மந்தி. இந்த நேரத்துக்குத்தான் தூங்கப் போகும். நீ நட."

திலோத்தமா தடியை இரண்டு கையாலும் பிடித்து மரத்தில் ஓங்கி அடித்தாள். டக். தோள் வரை அதிர்ந்தது. மறுபடியும். டக். டக். டக். இது கேட்கும். இதை யாராலும் மந்தி என்று சொல்ல முடியாது. டக். டக்.

விளக்கு நின்றது. எல்லோரும் நின்றார்கள். கேட்டார்கள்.

"வெட்டுறான்!" என்று ஹேமலதா கத்தினாள். "நம்ம காட்டுல எவனோ மரம் வெட்டுறான்டி! அக்கரையில! அவளுங்களை அடிச்சுப் போட்டுட்டு வெட்டுறான். எறங்குங்க! குறுக்க போனா பிடிச்சிடலாம், எறங்குங்க!"

தடி திலோத்தமாவின் கையிலிருந்து நழுவியது.

அவர்கள் இறங்கினார்கள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தடியை ஓங்கிக்கொண்டு, காடு காக்கும் பெண்கள் எப்படி இறங்குவார்களோ அப்படி. கீழே அவர்களுடைய பேரை ஒவ்வொன்றாக யாரோ கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு பதில். ஹேமலதாவின் விளக்கு போய் நின்றது. அணைந்தது. சருகுச் சத்தம் ஒன்று குறைந்தது. இன்னொன்று. அப்புறம் ஒன்றுமே இல்லை.

லிப்சா மட்டும் விளிம்பில் நின்றாள்.

"அம்மா?" என்றாள். கைப்பேசியைத் தூக்கி அக்கரைக்கு நேராகப் பிடித்தாள். திலோத்தமா இரண்டு கையையும் விரித்து நின்றாள். தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். அந்தச் சின்ன வெளிச்சம் பாதிப் பள்ளம்கூடத் தாண்டவில்லை.

"அம்மா, எங்க இருக்க?"

"இங்கதான்மா," என்றது திலோத்தமாவின் குரல் கீழேயிருந்து. காலையில் தலை பின்னிவிடும்போது பேசும் குரல். "காலைப் பாத்து வை."

"நீ சொன்னா சரிம்மா," என்றாள் லிப்சா. இறங்கினாள்.

வெளிச்சம் கல் கல்லாக இறங்கியது. திலோத்தமா வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். பள்ளத்தின் அடியில் வெளிச்சம் ஒரு முறை முன்னால் விழுந்தது. ஏழு முதுகு. தோளோடு தோள் ஒட்டி, தலை கவிழ்ந்து, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் நடுவில் இருந்த இரண்டு பேர், மெதுவாக, ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து இடம் விட்டார்கள்.